மேப்பிள் என்று நினைத்துத் துளைத்த மரம்

1

இன்று காலை மரம் வெட்டுகிறவர் வந்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். குசினி யன்னலால் பின்வளவைப் பார்த்தார். வேலியோரம் இலையில்லாமல் நின்ற அந்த மரத்தில் அவருடைய கண் நின்றது. இன்றைக்குக் கிட்டப் போகமாட்டேன், இன்னொரு நாள் முழுப் பாதுகாப்பு உடுப்போடு வருகிறேன் என்றார். அதன் துண்டுகளை எரிக்கக் கூடாதாம். தூளாக்கவும் கூடாதாம். பொலித்தீனில் சுற்றித்தான் கொண்டுபோவாராம்.

போகும்போது கேட்டார், "யார் அதில் துளை போட்டது?"

"நான்தான்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்.

ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கேதீஸ், என் கணவர், "ஒண்டுமில்லை, பிள்ளைக்கு ஒரு அலர்ஜி, இப்ப சுகம்," என்று சொல்லி முடித்துவிடுகிறார். அது பொய்யில்லை. ஆனால் நடந்தது அவ்வளவு மட்டுமில்லை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வணிகம் படிப்பித்தவள் நான். இங்கே ஒக்லாந்தில், ஒனிஹங்காவில், குழாய்ச் சாமான் மொத்தமாக விற்கிற ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எதையும் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்லத் தெரிந்தவள் என்றுதான் என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். இதை மட்டும் யாருக்கும் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். எழுதினால் முடிக்கலாமோ என்று பார்க்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நஞ்சு அந்த மரத்தினுடையது. அதை என் மகளுடைய முகத்துக்கும் கண்ணுக்கும் கொண்டுபோனது மரமில்லை. என்னுடைய கை.

2

அபிக்குப் பதினைந்து வயது. அபிராமி என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் 'ஏபி' ஆகி, இப்போது நாங்கள் 'அபி' என்று கூப்பிட்டால்கூட இரண்டாவது முறைதான் திரும்புகிறாள். கடந்த இரண்டு வருடமாக எங்களுக்குள் இருந்த உரையாடல் ஒரு கதவின் இரண்டு பக்கத்திலும் நடந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்வாள். "பள்ளிக்கூடம் எப்பிடி?" "ஃபைன்." "சாப்பிட்டியா?" "லேட்டர்." தலையைத் தடவப் போனால் கழுத்தை வளைத்து விலகுவாள். கோபமாக விலகமாட்டாள். பேருந்தில் பக்கத்தில் இருக்கும் தெரியாத ஆளிடமிருந்து விலகுவதுபோல மரியாதையாக விலகுவாள். அதுதான் தாங்காது.

ரொறன்ரோவில் என் அக்காவின் மகள் இருக்கிறாள். அவள் தன் வீட்டுப் பின்வளவில் இரண்டு மேப்பிள் மரங்களில் துளையிட்டு, குழாய் சொருகி, வாளி கட்டி, வரும் நீரை வெளியில் அடுப்பு வைத்துக் காய்ச்சிப் பாணி எடுக்கிற வீடியோவை அபிக்கு அனுப்பியிருந்தாள். நாற்பது வாளி நீர் காய்ந்தால் ஒரு வாளி பாணி. நீர் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. மணிக்கணக்காகக் கொதித்த பிறகுதான் நிறம் வருகிறது.

அந்த வீடியோவோடு அபி அறையைவிட்டு வெளியே வந்தாள்.

"அம்மா, கேன் வீ டூ திஸ்?"

ஆங்கிலத்தின் 'வீ' மோசமான சொல். அதில் நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாது. நான் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

"இது பனங்கருப்பநீரைக் காய்ச்சிப் பாணி எடுக்கிற மாதிரித்தானே, பிள்ளை," என்றேன்.

"பானி எண்டா தண்ணி, அம்மா. ஜஸ்லீன் வீட்டில அப்பிடித்தான் சொல்லுவினம்."

"அது அவையின்ர பானி. எங்கட பாணி தண்ணி வத்தினாப் பிறகு மிஞ்சிறது."

அவள் சிரித்தாள். பஞ்சாபிச் சிநேகிதியின் பானியும் எங்கள் பாணியும் ஒரே அடுப்பின் தொடக்கமும் முடிவும் என்று ஆங்கிலத்தில் ஏதோ பகிடி சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. அதன் பிறகு நான் எதையும் சரியாக யோசிக்கவில்லை.

ஹில்ஸ்பரோவில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது குளிர்காலத் தொடக்கத்தில். பின்வளவு மரம் அப்போதே மொட்டை. வேலிக்கு அப்பால் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி முதல் நாளே எட்டிப் பார்த்து, "இலையுதிர் காலத்தில் அது எவ்வளவு அழகாகச் சிவக்கும் தெரியுமா!" என்றிருந்தார். சிவக்கிற மரமென்றால் மேப்பிள்தானே. கனடாக் கொடியில்கூட அதுதானே சிவப்பு. அபி கைபேசியால் மொட்டைக் கிளைகளைப் படமெடுத்து ஒரு செயலியில் போட்டுப் பார்த்தாள். அது மூன்று பெயர் சொன்னது. மூன்றாவது ஒரு வகை மேப்பிள். முதல் இரண்டையும் நாங்கள் வாசிக்கவில்லை.

"ஆனா இரவில ஃப்ரீஸ் ஆகோணும், பகல்ல உருகோணும். அப்பத்தான் நீர் ஓடும்," என்றாள் அபி கவலையாக.

ஒக்லாந்தில் எங்கே அப்படிக் குளிர்? புல்லில் கொஞ்சம் வெள்ளை பிடித்தாலே படமெடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்புகிற ஆட்கள் நாங்கள். ஆனால் இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையில் ஒரு சனிக்கிழமை விடிய, காரின் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருந்தது. நான் எழுப்பாமலே அபி எழும்பி வந்து என் அறைக் கதவைத் தட்டினாள்.

3

கேதீஸ் வேலைக்குப் போகமுன் துளைகருவியை எடுத்துத் தந்துவிட்டு, "ஒக்லாந்தில மேப்பிள் பாணியோ? வித்தா எனக்கும் ஒரு பங்கு தாங்கோ," என்றார்.

"நீங்க ட்ரில் மட்டும்தான் தந்தனீங்கள். ஒரு தேக்கரண்டி தாறம்," என்றாள் அபி.

மரம் வெட்டுகிறவரிடம் நான்தான் என்று சொன்னேன்; துளையிட்டது அவள். நான் தண்டைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, கீழே போத்தலைக் கட்டிவிட்டு நின்றோம். தண்ணீர் வரவில்லை. வெட்டின பட்டையின் விளிம்பிலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பிசுபிசுப்பு மெல்ல ஊறியது.

"அம்மா, தண்ணி மாதிரி வரோணும். இது மில்க் மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருப்பாள். சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது. நான்தான் தெரிந்தவள்போலச் சொன்னேன்: "மரமெண்டா முதல் பால்தான் வரும், பிள்ளை. பலாவில, மாவில எல்லாம் அப்பிடித்தான். பால் போனாப் பிறகு தண்ணி வரும்."

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது? நான் வளர்ந்த இடத்தில் மரத்தைக் கீறினால் பால் வரும். பப்பாசியில் பால், பலாவில் பால், ஈரப்பலாவில் பால். பாலைக் கண்டு நாங்கள் பயப்பட்டதில்லை. உடுப்பில் பட்டால் மட்டும் ஏச்சு விழும்.

அபி குழாயை ஆட்டினாள், கழற்றினாள், விரலால் நோண்டினாள். விரல் நுனியை உதட்டில் வைத்துப் பார்த்து, "யக், கசக்குது," என்று துப்பினாள். மத்தியானமாகியும் போத்தலின் அடியில் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. காய்ச்சுவதற்கென்று வாங்கின அகலத் தாச்சி வெயிலில் சும்மா கிடந்தது. இரண்டு பேருடைய கையும் ஒட்டியது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

அதற்கும் எனக்கு விடை தெரிந்திருந்தது. பலாப்பழம் வெட்டினால் கையில் ஒட்டும் பாலை எப்படி எடுப்பது? தேங்காயெண்ணெய். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் பலாப்பழத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். கத்திக்கும் பூசுவோம், கைக்கும் பூசுவோம். ஒரு சில்வர் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து பின்படியில் இருந்தேன். அபி எனக்குக் கீழ்ப்படியில் முதுகைக் காட்டி இருந்து, கைகளைப் பின்னால் நீட்டினாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எண்ணெயில் உருவினேன். என்னுடையதையும் அதே கிண்ணத்தில் தோய்த்துத் தோய்த்து உருவினேன். பால் கரைந்து வந்தது. "வாவ், இட் வர்க்ஸ்," என்றாள்.

என் உள்ளங்கை முழுக்க எண்ணெய். முன்னால் அவளுடைய தலை. வெயிலில் காய்ந்து போயிருந்த முடி.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் சகோதரிகள் மூன்று பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராக இருந்து எண்ணெய் வைத்துக்கொள்வோம். கடைசியில் இருப்பவளுக்கு வைக்க ஆளில்லை. அதற்காகவே சண்டை வரும். அபிக்குப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் எண்ணெய் வைத்ததில்லை. மணக்கும், வகுப்பில் சிரிப்பார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். அதோடு விட்டுவிட்டேன்.

கையை மெல்ல அவள் உச்சியில் வைத்தேன். கழுத்து வளையும் என்று காத்திருந்தேன். வளையவில்லை.

"கொஞ்சம்தான்," என்றாள்.

கொஞ்சம் வைத்தேன். இன்னும் கொஞ்சம் எடுத்தேன். காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில். நெற்றியால் வழிந்ததைப் பெருவிரலால் கண்ணிமைக்கு மேலே துடைத்துவிட்டேன். அவள் தன் கணிதப் பாட ஆசிரியையைப் பற்றிச் சொன்னாள். ஜஸ்லீனுக்கும் தனக்கும் வந்த சண்டையைப் பற்றிச் சொன்னாள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த நல்ல பின்னேரம் எது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது எவ்வளவு பயங்கரமான பதில் என்று எனக்குத் தெரியும்.

4

திங்கட்கிழமை மணிக்கட்டில் தொடங்கியது. "அம்மா, கடிக்குது," என்றாள். சொறிந்த இடம் சிவந்து கோடு கோடாகத் தடித்திருந்தது. குளிர்மையாக இருக்கட்டும் என்று எண்ணெய் பூசினேன். குளியலறையில் மூடி வைத்திருந்த அதே கிண்ணத்திலிருந்து. ஏன் புதிதாக ஊற்ற வேண்டும், நல்ல எண்ணெய்தானே.

செவ்வாய் காலை நெற்றி, காது, பிடரி எல்லாம் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள். உதடு தடித்துவிட்டது. இமைகள் அழுதவளுடைய இமைகள்போல வீங்கியிருந்தன. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அபி சட்டையின் தலைமூடியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஒரு மூலைக் கதிரையில் இருந்துவிட்டாள். யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது. என்னோடு வந்தவளாகவும் தெரியக் கூடாது.

தாதி என்னை முன் மேசையில் வைத்து விசாரித்தார்.

"இட் இஸ் பைற்றிங் ஹேர்," என்றேன்.

"எது கடித்தது? பூச்சியா?"

இல்லை, இல்லை. எங்களுக்குக் கடிப்பதும் அரிப்பதும் ஒரே சொல் என்பது ஞாபகம் வந்தது. திருத்தினேன். ஒரு பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற நிம்மதியில் அடுத்ததைக் கவனிக்கவில்லை. புதிதாக ஏதாவது தோலில் பட்டதா என்று கேட்டார். மரத்தின் பால் பட்டது என்று சொல்ல வேண்டும். மரப்பாலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அந்த நேரம் வரவில்லை.

"மில்க்," என்றேன். "ட்ரீ மில்க்."

"டீ ட்ரீ?" என்று கேட்டார்.

'தி ட்ரீ?' என்று என் காதில் விழுந்தது. அந்த மரமா என்று கேட்கிறார்.

"யெஸ், யெஸ். தி ட்ரீ."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். டீ ட்ரீ என்பது இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிற மூலிகை எண்ணெய். பருவுக்குப் பூசுவார்கள், முகம் கழுவுவார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த மேசையில் அது என் தலைக்குள் வரவில்லை.

உள்ளே போனபோது வைத்தியர் கணினியைப் பார்த்துவிட்டு அபியிடம் கேட்டார், "டீ ட்ரீ ஏதாவது முகத்தில் பாவிக்கிறாயா?"

"யா. ஃபேஸ் வாஷ்," என்றாள் அபி. உண்மைதான். அவளுடைய அறையில் அந்தப் பச்சைப் போத்தல் இருந்தது.

எல்லாம் பொருந்திவிட்டது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, உடனே நிறுத்து என்றார். அரிப்புக்குக் குளிசை எழுதித் தந்தார். காரில் அபி வெடித்தாள்.

"பார்த்தீங்களா? என்ர ஃபேஸ் வாஷாம். நீங்க என்ன சொன்னனீங்கள் அவையிட்ட?"

"மரத்தின்ர பால் எண்டு சொன்னனான்."

"அப்ப அவை ஏன் அதைக் கேக்கேல்லை?"

எனக்கும் அது விளங்கவில்லை. வைத்தியர்கள் படித்தவர்கள், மரத்தைத் தள்ளிவிட்டுச் சரியான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியானால் எண்ணெயில் பிழையே இல்லை. அன்று பின்னேரம், அவள் எரிச்சலில் முனகிக்கொண்டு படுத்திருக்க, அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்து முகமெல்லாம் மெல்லப் பூசிவிட்டேன். "குளிருதா, குஞ்சு?" என்று கேட்டேன். "ம்," என்றாள்.

5

புதன் காலை அவளுடைய அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகையில்லை. கூப்பிடுகிற சத்தம். சின்ன வயதுக்குப் பிறகு அப்படி அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

"அம்மா! அம்மா! திறக்கேலாமக் கிடக்கு!"

கட்டிலில் எழும்பி இருந்தாள். முகம் என் பிள்ளையின் முகமில்லை. இரண்டு கண்ணும் இரண்டு கோடு. இமைகள் பழுத்ததுபோல உப்பி ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன. காதில் கொப்புளம் உடைந்து வடிந்தது. கைகளை முன்னால் நீட்டி என்னைத் தேடினாள். அந்தக் கைகளைப் பிடித்தேன்.

கேதீஸ் இரவு வேலை முடிந்து இன்னும் வரவில்லை. நான் கார் ஓட்டக்கூடிய நிலையில் இல்லை. பாட்டனி டவுன்ஸில் இருக்கிற மீனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மீனா திருநெல்வேலிக்காரி. அங்கே ஒரு உடுப்புக் கடையில் மேலாளர். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த தங்கை. வேலைக்கு வெளிக்கிட்டவள் அப்படியே வந்துவிட்டாள்.

"ஐயோ, என்னக்கா இது! அபி கண்ணு, நான் மீனா சித்தி. பயப்படாதடா."

அபியைக் கட்டிலிலிருந்து இறக்க, இடைஞ்சலாக இருந்த தலையணையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். உறையில், அபியின் தலை இருந்த இடத்தில், கறுப்புப் புள்ளிகள். மை தெறித்ததுபோல.

"அக்கா, இது என்ன?"

"தெரியேல்லை. ரெண்டு தரம் தோய்ச்சுப் போட்டன், போகேல்லை. அவளின்ர சட்டையிலயும் இருக்கு."

"மொதல்ல கறுப்பா இருந்துச்சா, இல்ல பொறகு கறுத்துச்சா?"

"பிறகுதான். சட்டையில பால் பட்ட இடம்."

"எந்தப் பால்?"

சொன்னேன். மரம், துளை, பால், எல்லாம். மீனாவின் முகம் மாறியது.

"அக்கா, சேங்கொட்டை தெரியுமில்ல? எங்க ஊர்ல வண்ணார் துணிக்குக் குறி போடுவாங்களே. அந்தப் பால் பட்டா துணி கறுத்துப் போகும், சாகுற வரைக்கும் போகாது. தோல்ல பட்டா இதே மாதிரிதான் வெந்து போகும். எங்க பெரியப்பா பையனுக்கு மூஞ்சி இப்பிடித்தான் வீங்குச்சு. அதைக் கழுவுனீங்களா?"

"கழுவினது... எண்ணெய் போட்டு எடுத்தன்."

"எண்ணெயா?"

நான் குளியலறைக்குப் போனேன். கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது. விளிம்பில், என் விரல்கள் ஒவ்வொரு முறையும் வழித்த இடத்தில், பளபளவென்று கறுப்பாக ஒரு வளையம் காய்ந்திருந்தது.

அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பாலை எண்ணெய் அழிக்கவில்லை. கரைத்து வைத்திருந்தது. சனிக்கிழமை தலையில். திங்கட்கிழமை மணிக்கட்டில். செவ்வாய்க்கிழமை முகம் முழுக்க, கண்ணிமை முழுக்க. குளிருதா என்று கேட்டுக் கேட்டு.

"வதனாக்கா! வாங்க, போலாம்!" என்று மீனா கத்தினாள். கிண்ணத்தையும் தலையணை உறையையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

6

வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் இம்முறை நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. கைபேசியில் மரத்தின் படத்தைக் காட்டினேன். பையைத் திறந்து கிண்ணத்தைக் காட்டினேன். இளம் வைத்தியர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ரஸ்," என்றார். ஒரே ஒரு சிறு சொல். ஒக்லாந்தின் பழைய தோட்டங்களில் சிவப்பு இலைக்காக வைத்த மரமாம். மாமரத்துக்கும் சேங்கொட்டைக்கும் சொந்தக்காரன். மேப்பிளுக்கு ஒரு உறவுமில்லை. அபிக்குச் சின்ன வயதில் மாம்பழத் தோல் பட்டால் வாயோரம் புண் வருமா என்று கேட்டார். வரும். சூடு என்று சொல்லி மோர் கொடுத்திருக்கிறோம்.

நடுவில் கேதீஸ் தொலைபேசியில் வந்தார்.

"நீர் என்ன சொன்னனீர் அவையிட்ட?"

"எல்லாம் சொன்னனான். எண்ணெயும்."

"கவனமாக் கதையும், வதனா. இஞ்ச பிள்ளையளைத் தனியக் கூப்பிட்டுக் கேப்பினம்." பிறகு குரல் உடைந்து, "கண் தெரியுமாமோ?" என்றார்.

அதைத்தான் யாரும் இன்னும் சொல்லவில்லை. கண் வைத்தியருக்காகக் காத்திருந்தோம். அபி கட்டிலில் நேராகப் படுத்திருந்தாள். தாதி ஒருவர் அவளுடைய தலையைப் பாத்திரம் கழுவுகிற திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவினார். எனக்கு ஒரு சோடி ஊதாக் கையுறை தந்து, நகங்களை வெட்டி நன்றாகத் தேய்த்துக் கழுவும் வரை இவற்றைப் போடாமல் பிள்ளையைத் தொட வேண்டாம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொல்வார் போல. நான் அங்கேயே நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டினேன். எத்தனை தரம் கழுவினேன் என்று தெரியாது. என் விரலிடுக்கிலும் நாலைந்து கொப்புளம் இருந்ததை அப்போதுதான் கண்டேன். அவளை அப்படி எரித்தது என்னை இவ்வளவுதான் தொட்டிருக்கிறது. சிலருக்குப் பொல்லாததாகப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது என்றார்கள். கழுவிய கையில் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

கண் வைத்தியர் வந்து இமைகளை விரலால் பிரித்தபோது அபி கத்தினாள். மீனா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வைத்தியர் சிறிய விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"அபி, ஏதாவது தெரிகிறதா?"

வைத்தியர் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"அபி?"

"...யா. இட்ஸ் ப்ரைட். நிப்பாட்டுங்கோ!"

'நிப்பாட்டுங்கோ' என்று வெள்ளைக்கார வைத்தியரிடம் தமிழில் கத்தினாள். நான் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். மற்றக் கண்ணும் பார்த்தார்கள். கருவிழியில் காயமில்லை, வீக்கம் இமையில் மட்டும்தான் என்றார்கள்.

அதன் பிறகுதான் கேதீஸ் பயந்தது வந்தது. ஒரு மூத்த தாதி, அபியோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும், இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரோடும் பேசுவோம், நீங்கள் வெளியே இருங்கள் என்றார். திரையை இழுத்தார். வெளியே கதிரை இருந்தது. நான் இருக்கவில்லை. அம்மா உனக்கு என்ன செய்தார் என்று கேட்பார்கள். வேண்டுமென்றே பூசினாரா என்று கேட்பார்கள். அவளுக்கு என்ன ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். 'ஷி மேட் மீ' என்று இரண்டு வருடக் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

தாதி வெளியே வந்து என் கையுறைக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவள் என்ன சொன்னாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

இப்போது அவள் நலம். பள்ளிக்கூடம் போகிறாள். வீக்கம் சில நாளில் வடிந்தது. தோல் உரிந்து புதிது வந்தது. காதோரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஆனால் இரவில் விழித்துக்கொண்டால் எனக்கு முன்னால் வருவது வீங்கின முகமுமில்லை, கிண்ணமுமில்லை. அன்று பின்னேரம் வைத்தியசாலையில் எங்களை வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகு நடந்தது.

மீனா காரை எடுத்துவரப் போய்விட்டாள். அபிக்கு இன்னும் கண் திறக்கவில்லை. நான்தான் நடத்திக்கொண்டு போக வேண்டும். கையுறையோடு அவளுடைய விரல்களைப் பிடித்தேன். நீண்ட நடைக்கூடம். "நேர... இப்ப இடம்... கதவு," என்று சொல்லிச் சொல்லி நடந்தேன். வாசலுக்கு வெளியே படிகள். அங்கே அவள் நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை? நோகுதோ?"

"அம்மா, க்ளவ்ஸைக் கழட்டுங்கோ."

"வேண்டாம் குஞ்சு. நர்ஸ் சொன்னவ..."

"நீங்க அங்கயே எவ்வளவு தரம் கழுவினனீங்கள். எனக்குக் கேட்டது. தண்ணிச் சத்தம் நிக்கவேயில்லை." முகத்தைச் சுளிக்கப் போய், நொந்து, நிறுத்தினாள். "இட் ஃபீல்ஸ் க்ரோஸ், அருவருப்பாக் கிடக்கு. கழட்டுங்கோ."

என் கையிலிருந்து தன் கையை இழுத்துக்கொண்டாள். இழுத்த கையைத் திரும்ப நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. வியர்வையில் கையுறை தோலோடு ஒட்டியிருந்தது. கழற்றப் பார்த்தேன். வரவில்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்ததால் பிடிக்கவும் முடியவில்லை. கீழே மீனாவின் காருக்குப் பின்னால் வேறொரு கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

அபி அசையவில்லை. கண் திறக்காத முகத்தோடு, படியின் விளிம்பில், கையை நீட்டியபடியே நின்றாள்.

"அவசரமில்லை, அம்மா," என்றாள்.